குண்டு ஆடாத பாட்டில்

மூடி போடக்கூடாத நாளில் மூடி போட்டால் என்ன ஆகும், உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் உங்கள் ஊர் கொடுத்துவைத்த ஊர். கம்பம் பள்ளத்தாக்கில், மலை இறங்கி வந்து திராட்சைப் பந்தலுக்குள் தலையை நுழைத்துக்கொள்கிற இடத்தில் ஞானப்பன்பட்டி என்று ஒரு ஊர் இருக்கிறது; அங்கே பால்குடிப் பிள்ளையைத் தவிர எல்லாருக்கும் தெரியும். நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, அந்த ஊரில் சோற்றுப் பானைக்கு மூடி கிடையாது, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி கிடையாது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பேனாவைக்கூடத் திறந்தபடியே சட்டைப்பையில் குத்திக்கொண்டு நெஞ்சில் மைக்கறையோடு திரியும். செத்து, மோட்சத்துக்குக் காத்து உத்தரிக்கிற ஆத்துமாக்கள் வருசத்துக்கு ஒருநாள் லீவு கிடைத்த மாதிரி எழுந்து வந்து, வீடு வீடாக அடுப்படியில் எட்டி, இன்றைக்கு என்ன குழம்பு என்று பார்க்குமாம். பார்த்துக்கொண்டிருக்கும்போது படக்கென்று மூடிவிட்டால் உள்ளேயே மாட்டிக்கொள்ளுமாம்.

பிரகாசி மூடினாள். வேண்டுமென்று மூடவில்லை. கிறிஸ்துமஸ் திராட்சை ரசத்துக்கென்று பதினைந்து கிலோ பன்னீர் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் பட்டை கிராம்பும் போட்டு அவள் ஊறவைத்திருந்த பீங்கான் ஜாடி, இருபத்தோரு நாள் ஆக இன்னும் நாலே நாள் இருக்கும்போது, அவள் கல்லறைப் பூசைக்குப் பிள்ளைக்குத் தலைசீவி விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அடியிலிருந்து கழுத்துவரை விரிசல் விட்டுச் சிவப்பாக ஒழுக ஆரம்பித்தது. நாலு வயசு ரோஸ்லின், "அம்மா, ஜாடி அழுவுது," என்றாள். மற்ற பெண்ணாக இருந்தால் ஜாடியைப் பார்த்துத் தானும் அழுதிருப்பாள். பிரகாசி எட்டாம் வகுப்போடு நின்றவள்தான் என்றாலும் எந்தப் பாத்திரத்தில் எவ்வளவு கொள்ளும் என்று கண்ணாலேயே அளக்கத் தெரிந்தவள். சீப்பைப் பிள்ளையின் தலையிலேயே விட்டுவிட்டுப் பரணில் ஏறினாள். அங்கே மாமனார் உயிரோடு இருந்த காலத்தில் நடத்திய சோடாக் கம்பெனியின் மிச்சமாக, பச்சைக் கோலிச் சோடா பாட்டில்கள் இரண்டு பெட்டி, பெட்டிக்கு இருபத்திநாலு, தூசி மூடிக் கிடந்தன. கழுவினாள், வடிகட்டினாள், ஊற்றினாள், கவிழ்த்து அடுக்கினாள். கவிழ்த்ததும் உள்ளே கிடந்த கோலிக்குண்டு உருண்டு வந்து வாயை அடைத்தது. உள்ளே பொங்கிய காற்று அதை அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "நான் எங்க சாமி மூடி போட்டேன்? குண்டு அதுவா அடைச்சுக்கிச்சு," என்றுதான் பின்னால் பங்குச் சாமியாரிடம் சொன்னாள்.

டிசம்பர் முதல் ஞாயிறு மத்தியானம், பூசை முடிந்து வந்த அலுப்பில், ருசி பார்க்கலாமென்று ஒரு பாட்டிலை எடுத்துக் கட்டைவிரலால் குண்டை அழுத்தினாள். டப்பென்று குண்டு உள்ளே விழுந்தது. புஸ்ஸென்று காற்று வரவேண்டிய இடத்தில், ஒரு ஆள் தொண்டையைச் செருமினார்.

அவள் புருசன் மிக்கேல் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டோடு எழுந்து நின்று, மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்துவிட்டான். அந்தச் செருமலை அவனுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை அந்தச் செருமலுக்குப் பின்னால்தான் பிரம்பு வரும். போன வருசம் கல்லறைக்குப் போய்விட்ட தாவீது வாத்தியார், சிவப்பு நுரையாகப் பாட்டில் கழுத்தில் ஏறி நின்று, "ஒக்காருப்பா, சாப்புடு," என்றார். பிறகு, "என்ன பலகாரம் இருக்கு?" என்றார்.

பிரகாசி ரவா லட்டை எடுத்து வைத்தாள். நுரை ஒரு விரற்கடை இறங்கியது. முறுக்கை வைத்தாள், இன்னும் இறங்கியது. நுரை இறங்க இறங்க வாத்தியாரின் குரலும் தூரத்து ரேடியோ போல இறங்குவதைப் பார்த்து, பிரகாசி ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கொடுத்தாள்: "சூசையக்கா, வாத்தியாருக்கு என்ன பலகாரம்க்கா பிடிக்கும்?"

"பொருளங்கா உருண்டை. எதுக்குக் கேக்குற?"

"கொண்டுக்கிட்டு ஓடி வாங்க. வந்துருக்காரு."

வாத்தியாரின் பெண்சாதி சூசையம்மாள், அவர் போன பிறகும் எதற்கென்றே தெரியாமல் உருட்டி வைக்கிற உருண்டையில் நாலை முந்தானையில் கட்டிக்கொண்டு ஓடிவந்தாள். உருண்டை தட்டில் விழுந்த சத்தத்திலேயே நுரை குப்பென்று எழுந்து கால் மணி நேரம் நின்றது. என்ன பேசினார்கள் என்று பிரகாசி கேட்கவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். சூசையம்மாள் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, ஆனால் வாய் சிரித்தது. "உருண்டை கல்லு மாதிரி இருக்காம். செத்தும் குத்தம் சொல்றாரு பாரு," என்றாள். நுரை அடங்கிப்போன ரசத்தை வீணாக்குவானேன் என்று மிக்கேல் ஒரு மடக்குக் குடித்தான். சாயங்காலம்வரை வாத்தியாரின் மூச்சிரைப்பு அவனுக்கு இருந்தது.

அன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் ஊரே பிரகாசி வீட்டு வாசலில் நின்றது. யாரும் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயம் ஒரு பக்கம் இருக்க, கிறிஸ்துமஸ் வேலை ஒரு பக்கம் இருந்தது, ஆள் வருகிறதென்றால் பலகாரம் சுட வேண்டுமே என்கிற கவலை எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. எந்தப் பாட்டிலில் யார் என்று கண்டுபிடிக்கிற வேலை பிரகாசி தலையில் விழுந்தது. அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்து லேசாக ஆட்டுவாள். உள்ளே குண்டு ஆடும். ஒன்று வெற்றிலை இடிப்பது போல ஆடும், ஒன்று ஜெபமாலை உருட்டுவது போல ஆடும், ஒன்று நொண்டி நொண்டி நடக்கும். கண்டுபிடித்ததும் பாட்டில் கழுத்தில் ஒரு துணிக்கிழிசலைக் கட்டி எழுதிவைப்பாள். ஆள் பேரை எழுதக் கூடாது, பேரைச் சொன்னால் குண்டு துள்ளித் தானே திறந்துகொள்ளும் என்று இரண்டு பாட்டில் போன பிறகு தெரிந்ததால், பலகாரத்தின் பேரை எழுதினாள். அதிரசம் என்றால் காரை வீட்டு ஆரோக்கியம். சீப்புச் சீடை என்றால் மணி அடிக்கிற லூர்துவின் தகப்பன். பன்னும் வாழைப்பழமும் என்றால் பஸ் கண்டக்டராக இருந்து கல்யாணமாகாமலே போய்ச் சேர்ந்த சின்னப்பன். ஊர் அந்த ரசத்துக்குத் துள்ளுரசம் என்று பேர் வைத்தது. கடைத்தெருவில் பெண்கள், "ஒனக்கு எந்த ரசம் வந்துருக்கு, என்ன பலகாரம் போடுற?" என்று புடவை விசாரிக்கிற மாதிரி விசாரித்துக்கொண்டார்கள்.

பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், இதைச் செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை, திறப்பதற்கு முன்னால் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு ரசம் கொடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, பூசை முடிந்ததும் பிரகாசியைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க அம்மா திண்டுக்கல்லு. அவுக இதுல வர வாய்ப்பில்லையா?" என்று கேட்டார். "நம்ம கல்லறைத் தோட்டத்து ஆளுக மட்டுந்தான் சாமி வந்துருக்காக," என்றாள் பிரகாசி. அவருக்கு ஒரு தட்டு அச்சு முறுக்கு கொடுத்தனுப்பினாள், வேறென்ன செய்ய.

தப்பும் நடந்தது. கோயில் நாட்டாமை பிச்சைமுத்து வீட்டில் கிறிஸ்துமஸன்று மத்தியானம் பெரிய விருந்து. கம்பத்து பேக்கரியிலிருந்து வாங்கிவந்த பிளம் கேக்கை நடுவில் வைத்து, தன் தகப்பனார் வரப்போகிறார் என்று அவர் சொந்தபந்தத்தையெல்லாம் உட்காரவைத்திருந்தார். இரண்டு பாட்டிலுக்கும் கேக்குதான் என்பதால் துணி மாறிப்போய், திறந்த பாட்டிலிலிருந்து அவருடைய செத்துப்போன முதல் பெண்சாதி வந்துவிட்டாள். வந்தவள், இரண்டாந்தாரம் கேக்கு வெட்டுவதை ஒரு நிமிசம் பார்த்துவிட்டு, "கத்தியத் தண்ணியில நனைச்சுக்க தங்கச்சி, உதிராது," என்றாள். அப்புறம் இரண்டு பேரும் கால் மணி நேரமும் நாட்டாமையின் குறட்டையைப் பற்றியே பேசினார்கள். அவர் வாசலில் போய் நின்றுகொண்டார்.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் அந்தக் கிறிஸ்துமஸ் போனதென்று நினைக்காதீர்கள். பாட்டில்கள் பிரகாசியின் கட்டிலுக்கடியில் இருந்தன. மத்தியானம் வெயில் ஓட்டில் இறங்குகிற நேரத்தில் அவை எல்லாம் ஒன்றாக மூச்சுவிடும், கட்டில் ஏறி இறங்கும். தெருநாய்கள் அந்தச் சந்துக்குள் வருவதை விட்டுவிட்டன. ரோஸ்லின் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டு, பிரகாசி கேட்டே இராத பழைய தாலாட்டுகளைக் கற்றுக்கொண்டு பாடினாள். நுரை அடங்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் இன்னொரு தடவை சாவு விழுந்த மாதிரி ஒரு அமைதி விழும். காலிப் பாட்டிலில் குண்டு மட்டும் கிடந்து, யார் நடந்தாலும் கிணுங்கும். அந்தக் கிணுங்கலைக் கேட்டுக்கொண்டே ஊர் அடுத்த நாள் பலகாரத்துக்கு மாவு சலித்தது.

அந்த அமைதியெல்லாம் பிரகாசியை ஒன்றும் செய்யவில்லை. அவளை என்னமோ செய்தது ஒரே ஒரு பாட்டில். நாற்பத்தெட்டில் நாற்பத்தேழு யார் யாரென்று தெரிந்தாயிற்று. ஒன்று மட்டும், எத்தனை ஆட்டினாலும், குண்டு ஆடவில்லை. காதில் வைத்தால் சத்தமே இல்லை. ஒரு ஆள் கதவுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு, தட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல ஒரு கனம் மட்டும் இருந்தது. யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் அதை எடுத்துப்போய் அரிசி டிரம்முக்குள், முழங்கை ஆழத்தில் புதைத்து வைத்தாள்.

அவள் கொழுந்தன் எஸ்தாக்கி செத்து மூன்று வருசம் ஆகிறது. ஐப்பசியில், திராட்சைக்கு மருந்தடிக்கப் போனவன், சாயங்காலம் பந்தலுக்கடியில் கிடந்தான். பக்கத்தில் மருந்து டப்பா மூடி திறந்து கிடந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஏனென்று தெரியாவிட்டாலும் ஊர் முடிவுசெய்துவிட்டது. மருந்தைக் குடித்திருக்கிறான் என்றார்கள். தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவனுக்கு உள்ளே இடமில்லை என்று நாட்டாமை சொல்ல, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, கள்ளிக்குப் பக்கத்தில், சாவு மணி அடிக்காமல் வைத்தார்கள். மாமியார் செபஸ்தியம்மா அன்றிலிருந்து கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள், மகன் பேரைச் சொல்லவில்லை, இனிப்பு எதையும் வாயில் வைக்கவில்லை.

துள்ளுரசம் வந்த பிறகு ஊர்ப் பெண்கள் எல்லாம் அவள் வீட்டு வாசலில் கூடிச் சிரிப்பும் அழுகையுமாகப் பாட்டில் வாங்கிப்போக, செபஸ்தியம்மா உள்ளே சுளகில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். கல்லே இல்லாத அரிசி. ஒருநாள் தலையைத் தூக்காமலே கேட்டாள்:

"ஏத்தா பிரகாசி, சொவத்துக்கு வெளிய உள்ளவுகளுக்குப் பாட்டில் இருக்காதுல்ல?"

"தெரியல அத்தை," என்றாள் பிரகாசி. அவள் கை அரிசி டிரம்மின் மேல் இருந்தது.

எல்லாருக்கும் எது பிடிக்கும் என்று தெரிந்த பிரகாசிக்கு, எஸ்தாக்கிக்கு எது பிடிக்கும் என்று தெரியாது. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவன் அவளிடம் பேசியது இரண்டே வாக்கியம். என்ன வேணும் என்றால், "எதுன்னாலும் சரி மதினி." இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றால், "போதும் மதினி." தோசையில் கருகியது அவனுக்கு, அதிரசத்தில் உடைந்தது அவனுக்கு, மீனில் வால் அவனுக்கு, எதைப் போட்டாலும் தலைகுனிந்து தின்றுவிட்டுத் தட்டைக் கழுவிவைத்துவிட்டுப் போய்விடுவான்.

இரண்டே வாக்கியம் என்றேன். மூன்றாவது ஒன்று இருந்தது. அதைப் பிரகாசி மூன்று வருசமாக யாருக்கும் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாருக்குக்கூடச் சொல்லவில்லை.

அந்த ஐப்பசி மத்தியானம் அவள் அடுப்படியில், ஒரு வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் ரசத்துக்குத் திராட்சை பிசைந்து ஜாடியில் போட்டுக் கட்டையால் கலக்கிக்கொண்டிருந்தாள். பின்வாசலில் எஸ்தாக்கியின் குரல் கேட்டது. "மதினி, கொஞ்சம் தண்ணி குடுங்க." அந்த வருசம் அவன் கூட்டாளிகளோடு சேர்ந்து கொஞ்சம் குடிக்கப் பழகியிருக்கிறான் என்று மிக்கேல் சொல்லியிருந்தான். ஒருநாளும் எதையும் கேட்காதவன் கேட்கிறான், அதுவும் ரச ஜாடியைக் கலக்கிக்கொண்டிருக்கும்போது பார்த்துக் கேட்கிறான் என்றதும், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "தண்ணியா? பட்டப்பகல்லயா? கிறிஸ்துமஸு வரட்டும் கொழுந்தனாரே, நானே ஊத்தித் தர்றேன்." பின்வாசலில் சத்தமில்லை. அவன் தலைகுனிந்து சிரித்துக்கொண்டு போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் ஒரு படி சர்க்கரை போட்டுக் கலக்கினாள்.

சாயங்காலம் அவனைத் தூக்கிவந்து கிடத்தியபோது, உதடு வெடித்திருந்ததைப் பார்த்தபோதுதான், அந்தத் தண்ணி எந்தத் தண்ணி என்று அவளுக்கு விளங்கியது. காற்று எதிர்த்து அடித்திருக்கிறது, மூக்கில் துணி கட்டாமல் நின்றிருக்கிறான், நெஞ்சு எரிந்து வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறான், கிடைக்காமல் திரும்பவும் வேலைக்கே போயிருக்கிறான். அவள் அதைச் சொல்லியிருந்தால் மணி அடித்திருப்பார்கள், சுவருக்கு உள்ளே வைத்திருப்பார்கள். சொன்னால், தான் சிரித்ததையும் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். எட்டாம் நாள் முடியட்டும் என்று நினைத்தாள். அப்படியே மூன்று வருசம், ஒவ்வொரு தடவை சொம்பில் தண்ணீர் மொள்ளும்போதும் நினைத்தாள். வெளியே அவளைப் போலச் சிரித்துப் பேசுகிற ஆள் அந்தத் தெருவிலேயே கிடையாது.

கிறிஸ்துமஸ் போயிற்று, வருசப் பிறப்பு போயிற்று. மூன்று ராசாக்கள் திருநாள் வந்தது. குடிலைப் பிரிக்கிற நாள், கொண்டாட்டத்துக்குக் கடைசி நாள். நாற்பத்தேழு பாட்டிலும் தீர்ந்து, காலிப் பெட்டிகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. இதுவரை ஊர் முழுக்கப் பாட்டில் கொடுத்த வீட்டில் ஒரு விருந்தும் நடக்கவில்லையே என்று, அன்றைக்கு மத்தியானம் எல்லாரும் தங்கள் வீட்டு மிச்சப் பலகாரத்தைத் தூக்குவாளிகளில் போட்டுக்கொண்டு பிரகாசி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சூசையம்மாள் வந்தாள், நாட்டாமையும் இரண்டாந்தாரமும் வந்தார்கள், மணியடிக்கிற லூர்து வந்தான், சாமியாரும் வந்தார்.

அப்போது செபஸ்தியம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அரிசி டிரம்முக்குப் போனாள். முழங்கைவரை கையைவிட்டாள். பச்சைப் பாட்டிலை எடுத்து, முந்தானையால் அரிசித் தவிட்டைத் துடைத்து, மருமகள் முன்னால் வைத்தாள்.

"தினமும் அரிசி அள்ளுறவ நாந்தான்," என்றாள். "ஒரு மாசமா நீயாச் சொல்லுவன்னு பாத்தேன். தொற."

"சொவத்துக்கு வெளிய உள்ளவன் எப்படி வருவான்?" என்று நாட்டாமை ஆரம்பித்தார்.

"சொவரு கொத்தனாரு கட்டினது மாமா. ஆத்துமாவுக்கு அதெல்லாம் எங்க தெரியப்போவுது," என்றாள் சூசையம்மாள்.

பிரகாசி அருள் நிறைந்த மரியே சொன்னாள். பாதியில் வார்த்தை மறந்துபோக, மற்றவர்கள் முடித்துவைத்தார்கள். கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். குண்டு சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. நுரை இல்லை. செருமல் இல்லை. ரசம் குளத்துத் தண்ணீர் போலச் சலனமில்லாமல் நின்றது.

"பலகாரத்த வைங்க, பலகாரத்த வைங்க," என்றார்கள். வைத்தார்கள். அதிரசம் வைத்தார்கள், அசையவில்லை. சீப்புச் சீடை, பொருளங்கா உருண்டை, அச்சு முறுக்கு, கல்கல், பிளம் கேக்கு, பன்னும் வாழைப்பழமும் ஒவ்வொன்றாக வைக்க வைக்கத் தட்டுகள் கூடத்தை நிறைத்து வாசல்வரை போயின, ஒன்றுக்கும் அசையவில்லை. "அவனுக்கு என்னதான்யா பிடிக்கும்?" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டார்கள். லூர்து அவனோடு ஒன்றாகப் படித்தவன். "எதுன்னாலும் சரிம்பான்," என்றான். எல்லாருக்கும் அது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அப்போதுதான் அந்த ஊருக்கு, இருபத்தாறு வருசம் தங்களோடு இருந்த ஒரு பையனிடம் என்ன வேண்டுமென்று யாருமே இரண்டாம் தடவை கேட்டதில்லை என்று உறைத்தது.

"நான்தான் சொன்னேனே. வரமாட்டான்," என்றார் நாட்டாமை, மெதுவாகத்தான் சொன்னார்.

செபஸ்தியம்மா தலை குனிந்தாள். அந்தக் குனிவு அப்படியே எஸ்தாக்கியின் குனிவு. அதைப் பார்த்ததும் பிரகாசியின் வாய் தானாகத் திறந்துகொண்டது, அடைத்த குண்டு உள்ளே விழுந்த மாதிரி.

"அவரு மருந்தக் குடிக்கல அத்தை," என்றாள். "அன்னிக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்தாரு. பின்வாசல்ல நின்னாரு. எங்கிட்டத் தண்ணி கேட்டாரு."

கூடத்தில் ஒரு தூக்குவாளி மூடி உருண்டு, சுற்றி, அடங்கியது.

"தண்ணி கேட்டானா?" என்றாள் செபஸ்தியம்மா.

"கேட்டாரு."

"என்னன்னு கேட்டான்?"

"'மதினி, கொஞ்சம் தண்ணி குடுங்க'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

பிரகாசி சொன்னாள். சிரித்ததையும் சொன்னாள், திரும்பிப் பார்க்காததையும் சொன்னாள், அப்புறம் ஒரு படி சர்க்கரை போட்டதையும் சொன்னாள். மிக்கேல் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். செபஸ்தியம்மா மருமகளைப் பார்க்கவில்லை, நாட்டாமையைப் பார்த்தாள்.

"சாகணும்னு நெனைச்சவன் தண்ணி கேப்பானாய்யா? ஒன்னத்தான் கேக்குறேன், பிச்சைமுத்து. கேப்பானா?"

நாட்டாமை எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, லூர்துவைத் தொட்டு எழுப்பி, இரண்டு பேரும் மழைக்குள் இறங்கிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் கோயிலிலிருந்து சாவு மணி கேட்டது, மூன்று வருசம் தாமதமாக, விட்டு விட்டு ஒவ்வொன்றாக, இருபத்தாறு. தெருவில் நாய்கள் ஊளையிட்டன. சந்துக்குள் வராத நாய்கள் வந்து வாசலில் படுத்தன. எண்ணி முடிகிற வரைக்கும் செபஸ்தியம்மா எழுந்து நின்றாள், அதனால் எல்லாரும் நின்றார்கள்.

மணி நின்றதும் அவள் மருமகள் பக்கம் திரும்பினாள். அடிப்பாளோ என்று சூசையம்மாள் நடுவில் வந்தாள்.

"மூணு வருசம்," என்றாள் செபஸ்தியம்மா. "ஒரே அடுப்புல எங்கூடச் சோறு பொங்கியிருக்க."

"ஆமா அத்தை."

"கெடக்கட்டும். அத நாம அப்புறம் பேசுவோம், அதுக்கு நெறைய நாளு இருக்கு." அவள் அடுப்படியைக் கை காட்டினாள். "பிள்ளை நாக்கு வறண்டு நிக்கிறான். போ. சொம்ப நல்லா வெளக்கிட்டு மோந்துட்டு வா."

பிரகாசி பித்தளைச் சொம்பைப் புளி போட்டு விளக்கினாள். மண்பானையிலிருந்து மொண்டாள். ரோஸ்லின் கூடவே வந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வீட்டுப் பலகாரத்துக்கும் நடுவில், அந்தப் பச்சைப் பாட்டிலுக்குப் பக்கத்தில் டம்ளரை வைத்து, "கிறிஸ்துமஸு வந்துருச்சு கொழுந்தனாரே," என்று சொல்லிக்கொண்டே, இந்தத் தடவை முகத்தைத் திருப்பாமல், கண்ணை எடுக்காமல் ஊற்றினாள்.

டம்ளரில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. யாரோ நிறுத்தி நிறுத்தி, அவசரமில்லாமல் குடிப்பது போல, மடக்கு மடக்காக இறங்கியது. அடிவரை இறங்கி, டம்ளர் காலியானபோது, பாட்டிலில் குண்டு முதல் தடவையாக ஆடியது. சிவப்பு நுரை கழுத்துக்கு ஏறி, வெளியே வழிந்து, பலகாரத் தட்டுகளையெல்லாம் தொடாமல் சுற்றிக்கொண்டு வந்து, பிரகாசியின் கால்விரலுக்கு முன்னால் நின்றது. ஒரு மூச்சு வெளியே வந்தது, பின்வாசலில் ரொம்ப நேரம் நின்றுவிட்ட ஆளின் மூச்சு.

"எஸ்தாக்கி," என்றாள் அவன் அம்மா.

பிரகாசி அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள்: போதும் மதினி என்பான், அவன் சொல்வதெல்லாம் அதுதானே. சொம்பைக் கீழே வைக்கக் குனிந்தவள், குரல் வந்ததும் அப்படியே நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, மதினி."